அலைக்கு ஒரு கீறல்

தனுஷ்கோடிக்குப் போனவரின் கைப்பேசியை இலங்கை வரவேற்பது பழைய செய்தி. சுமார் 30 கிலோமீட்டர் கடலுக்கு இப்பால், தலைமன்னாரிலும் இந்திய சிக்னல் எட்டிப்பார்க்கும். இரு கரைக் கோபுரங்களும் பெரும்பாலும் ஒரே அலைப்பட்டைகளில் பேசுவதால், ரோமிங்கை அணைக்கவோ நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுக்கவோ வேண்டும். பட்டை வேறென்றால் ஆன்டெனாவே காவலுக்கு நிற்கும். 2002இல் அமெரிக்கா 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை அல்ட்ரா வைட்பேண்ட் கருவிகளுக்குத் திறந்துவிட்டபோது, நடுவே 5 கிகாஹெர்ட்ஸில் வைஃபை ஏற்கெனவே குடியிருந்தது. இரண்டும் மோதாதிருக்கக் கண்ட தீர்வுகளில் ஒன்று அழகானது: தபால்தலை அளவு ஆன்டெனாவின் செப்புப் பரப்பில் ‘ப’ வடிவ மெல்லிய கீறல். தகட்டில் அந்த அலைக்குள்ள நீளத்தில் ஏறத்தாழப் பாதிக்குக் கீறினால், மின்னோட்டம் கீறலைச் சுற்றி எதிரெதிராக ஓடி, அந்தப் பட்டையை மட்டும் அமுக்கிவிடும். தனி வடிகட்டி வேண்டாம், இடமும் மிச்சம். கைதான் சுத்தமாக இருக்க வேண்டும்: ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் தடை பக்கத்து அலைவரிசைக்கு நழுவிவிடும்.