'நீதி' அச்சிடாத கதைகள்

புதுநன்மை விழா வந்தால் நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கான நூல்கள் வந்து குவிகின்றன. பெரும்பாலானவை ஒரே வார்ப்பு: கீழ்ப்படியாத சிறுவன், அவனுக்கு நேர்ந்த துன்பம், இறுதியில் தடித்த எழுத்தில் 'நீதி'. இவையே நல்ல நூல்கள் எனப் பெற்றோர் நம்புவதை நாம் மறுக்கிறோம்.

ஊதாரி மைந்தன் உவமையைப் பாருங்கள் (லூக் 15). மூத்த மகன் விருந்துக்குள் நுழைந்தானா? ஆண்டவர் சொல்லவில்லை. வாசலுக்கு வெளியே நிற்கும் அவனோடு நம்மையும் நிற்கவைத்துவிட்டு நிறுத்திவிடுகிறார். "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று பிள்ளை கேட்கும். தாயும் தந்தையும் உடனிருந்து விடை தேட வேண்டிவரும். குடும்பமாக வாசிப்பது இதுதான். நீதியையும் அச்சிட்டுக் கொடுத்துவிட்ட நூலில் கூடிப் பேச என்ன மிஞ்சும்?

தோபித்து நூலை எத்தனை வீடுகளில் உரக்க வாசித்திருக்கிறோம்? 14 அதிகாரங்களே, இரவுக்கு ஒன்றாக இரண்டு வாரம். நெடும்பயணம், ஆற்றிலிருந்து துள்ளிப் பாயும் மீன், மனித உருவில் வழித்துணையாக வரும் வானதூதர், கூடவே ஒரு நாய்! ஏழு கணவரைக் கொன்ற பேய் வருகிறதே என்று தயங்குவோர் உண்டு. பாட்டிமார் கதைகளில் வராத பேயா?

சிரிப்பும் வேண்டும். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதை 1822இல் இலண்டனில் அச்சேறியது. குருவை நகையாடும் நூல் பிள்ளைகளுக்கு ஆகாது என முகம் சுளிப்போர்க்கு ஒன்று நினைவூட்டுகிறோம்: எழுதியவரே ஓர் இயேசு சபைக் குரு. ஆயினும் நம் பங்கு நூலகங்கள் பலவற்றில் அதற்கு இடமில்லை. நீதி நூல்களுக்கோ தனி அலமாரி.