"அனுபவம் இருக்கா?" வேலை தேடும் நர்சிங் மாணவிகள் தவிப்பு!

சென்னை: பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். கடன் வாங்கிப் படிக்க வைத்த பெற்றோருக்கு, மகள் படிப்பை முடித்ததும் நிம்மதி. ஆனால் வேலை கேட்டுப் போனால் முதல் கேள்வியே, "அனுபவம் இருக்கா?"

வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? இந்த இக்கட்டைத்தான் சில தனியார் ஆஸ்பத்திரிகள் பயன்படுத்திக் கொள்கின்றன. 'பயிற்சி' என்ற பெயரில் சொற்ப சம்பளம், விடிய விடிய நைட் டூட்டி. பாதியில் ஓடிவிடக் கூடாது என்று ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் வாங்கி வைத்துக் கொள்கிறார்கள்.

சுப்ரீம் கோர்ட்டு உத்தரவால் மத்திய அரசு 2016-ல் அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த சின்ன ஆஸ்பத்திரியில்கூட நர்சு சம்பளம் ரூ.20 ஆயிரத்துக்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்சுக்கு இணையான சம்பளம். ஆனால் அது பரிந்துரைதானே! அமல்படுத்த வேண்டியது மாநிலங்கள்.

அரசு வேலையும் லேசில்லை. 2015-ல் பரீட்சை எழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு அப்போது மாதம் ரூ.7,700தான் கிடைத்தது. பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் போராட்டத்தில் குதித்தார்கள்.

அதனால் மாணவிகளே உஷார்! படிக்கும்போதே ஐ.சி.யு., பிரசவ வார்டு என்று பார்த்த வேலையை எல்லாம் பதிவேட்டில் எழுதி கையெழுத்து வாங்குங்கள். சேரும்போது பணி ஆணை கேளுங்கள். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

அனுபவம் தேவைதான். அதுக்காக அடிமாட்டு சம்பளத்துக்கு உழைக்கணுமா?