வீடியோ பக்கத்தில் ஒரு டவுன்லோட் லிங்க் வையுங்கள்

டேப்லெட்டில் ஒரு பாடப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். நடுவில் ஒரு வீடியோ. நெட் இருக்கும்போதே பக்கத்தை டவுன்லோட் செய்து வைத்தால் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். நெட் இல்லாதபோது திறந்தால் எழுத்து வரும், படம் வரும், வீடியோ மட்டும் வராது. உடனே டேப்லெட்டைத்தான் திட்டுகிறோம். தப்பு அதனிடம் இல்லை.

பக்கத்தில் பதித்திருக்கும் யூடியூப் வீடியோ உண்மையில் அந்தப் பக்கத்தில் இருப்பதில்லை. ஐபிரேம் என்ற ஜன்னல் வழியாக வேறொரு சர்வரில் இருந்து துண்டு துண்டாக வந்து ஓடுகிறது. சேவ் செய்தால் ஜன்னல் சட்டம்தான் உங்களுக்குக் கிடைக்கும். அதே வீடியோவை எம்பி4 பைலாக வைத்து, கீழே ஒரு டவுன்லோட் லிங்க் கொடுத்திருந்தால் பிரச்சினையே இல்லை. ஒரே ஒரு வரிதான் எழுத வேண்டும். அந்த வேலையைச் செய்து சம்பளம் வாங்குகிறவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

'இன்று நெட் இல்லாத இடம் ஏது?' என்று ஆபீஸ் நண்பர்கள் கேட்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் கரண்டும் போனது, சிக்னலும் போனது. புயலை விடுங்கள். எங்கள் திருவொற்றியூரில் பல வீடுகளில் டேப்லெட்டுக்கு சிம் கிடையாது. ஹாட்ஸ்பாட் தருகிற ஒரே போன், அப்பாவோடு ஹார்பருக்கோ எண்ணூர் கம்பெனிக்கோ ஷிப்டுக்குப் போய்விடும். அவர் திரும்பி வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. விநாடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் ஓடும் 10 நிமிட வீடியோவுக்கு சுமார் 37.5 எம்பி ஆகும். 40 பிள்ளைகள் தனித்தனியாகப் பார்த்தால் 1,500 எம்பி. ஒருவர் டவுன்லோட் செய்து மெமரி கார்டில் கொடுத்தால் அதே 37.5 எம்பியோடு முடிந்தது! யாருடைய டேட்டா காலியாகிறது என்று யோசியுங்கள்.

இது நடக்காத காரியமும் அல்ல. சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் என்பிடெல் விரிவுரைகளை டவுன்லோட் செய்தே நிறைய இன்ஜினியரிங் மாணவர்கள் படித்தார்கள். 2018-ல் வந்த தமிழகப் பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சிட்டார்கள். தீக்ஷா செயலியில் அதை ஸ்கேன் செய்து, பல பாடங்களை இறக்கிவைத்து நெட் இல்லாமல் பார்க்க முடிந்தது.

யூடியூப் செயலியில் ஆப்லைன் வசதி இந்தியாவுக்கு 2014-லேயே வந்துவிட்டதே என்பீர்கள். அது செயலிக்குள் மட்டும்தான் ஓடும். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுக்க முடியாது. 'இலவச டவுன்லோடர்' தளங்களோ வீடியோவுக்கு முன்னால் நாலு விளம்பரத்தையும் ஒரு வைரஸையும் இறக்கிவிடும். அனுமதி இல்லாமல் எடுப்பது யூடியூப் விதிகளுக்கும் விரோதம். எனவே வீடியோவுக்கு உரிமையாளர்தான் மனது வைக்க வேண்டும்.

பள்ளிக்கோ டியூஷன் சென்டருக்கோ வெப்சைட் செய்து கொடுக்கும் நண்பர்களே, யூடியூப் வீடியோவைப் பதியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே 360பி அளவில் ஒரு எம்பி4 லிங்க் கொடுத்து, எத்தனை எம்பி என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.