சைக்கிள் கம்ப்யூட்டர் காட்டும் 47 டிகிரியை நம்பாதீங்க

1/ மே மாசம் வந்தா திருச்சி சைக்கிள் குரூப்கள்ல ஒரே மாதிரி ஸ்கிரீன்ஷாட் வரும். முக்கொம்பு வரைக்கும் ஒரு ரைடு, கீழே டெம்பரேச்சர் 46, 47. கூடவே "வானிலை மையம் 40னு பொய் சொல்லுது பாருங்க"ன்னு ஒரு வரி. அந்த வரி தப்பு மட்டுமில்ல, ஆபத்தும் கூட. ஏன்னு சொல்றேன். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ முதல்ல கருவியைப் பாப்போம். ஹேண்டில்பார்ல மாட்டுற கருப்பு டப்பாவுக்குள்ள சென்சார் இருக்கு. அது அளக்குறது அந்த டப்பாவோட சூட்டை. மேல நேர் வெயில், கீழ தார் ரோடு, உள்ள பேட்டரி, ஸ்கிரீன். எல்லாம் சேர்ந்ததுதான் அந்த 47.

3/ இதை நான் கண்டுபிடிக்கல. நேரா வெயில் பட்டாலோ, கையில பிடிச்சிருந்தாலோ, சார்ஜ் ஏறிட்டிருந்தாலோ உண்மையான காற்றைவிட அதிகமா காட்டும்னு கார்மின் எட்ஜ் கூட வர்ற கையேட்டிலேயே இருக்கு. வாங்குறோம், யாரும் அதைப் படிக்கிறதில்ல.

4/ நீங்களே பார்த்துக்கலாம். மதியம் புத்தூர் நால்ரோடு சிக்னல்ல நின்னா நம்பர் ஏறும். வண்டி நகர்ந்து காத்து பட்டா இறங்கும். ரெண்டு நிமிஷத்துல ஊரோட வெப்பநிலை மாறிடுச்சா? மாறினது டப்பாதான்.

5/ வானிலைத் துறை எப்படி அளக்குது? வெயில் படாத, காத்து போய்வர்ற வெள்ளைப் பெட்டிக்குள்ள, தரையிலிருந்து ஆள் உயரத்துக்குக் கிட்ட. திருச்சிக்கு விமான நிலைய நிலையம். எல்லா ஊர்லயும் ஒரே முறை. அதனாலதான் திருச்சியை வேலூரோடயும், இந்த வருஷத்தை 50 வருஷம் முன்னாடியோடயும் ஒப்பிட முடியுது.

6/ அரசுக் கருவி தப்பாதா? தப்பும். 2024 மே 29 அன்னிக்கு டெல்லி முங்கேஷ்பூர்ல 52.9 டிகிரின்னு பதிவாச்சு. நாடே அலறுச்சு. துறை ஆள் அனுப்பி தரக்கருவியோட வச்சுப் பார்த்தாங்க. சென்சார் 3 டிகிரி கூடுதலா காட்டுதுன்னு வெளிப்படையா சொன்னாங்க. உங்க டப்பாவை எதோட வச்சு சரிபார்த்தீங்க?

7/ "அப்போ வெளிய கொதிக்கிறது பொய்யா டாக்டர்?" இல்லவே இல்ல. வானிலைத் துறை சொல்ற 40 நிழல்ல இருக்குற காற்றோட சூடு. நேர் வெயில்ல நிக்கிற உடம்பு வெயிலையும் வாங்குது, தார் ரோட்டுச் சூட்டையும் வாங்குது. உங்க கோபத்துல நியாயம் இருக்கு. கையில வச்சிருக்குற ஆதாரம்தான் தப்பு.

8/ இதுல ஆபத்து எங்கன்னு கேளுங்க. 47னு பார்த்துட்டு ரைடு முடிச்சவர் என்ன நினைக்கிறார்? "47லயே ஒண்ணும் ஆகல, 36க்கு என்ன பயம்?" அவர் ஓட்டினது உண்மையில 40லயோ அதுக்கும் கம்மியிலயோ இருக்கும். இல்லாத தாங்கும் சக்தியை அந்த டப்பா அவருக்குக் கொடுத்துடுச்சு. இதே ஆள் சைட்ல சூப்பர்வைசரா இருந்தா, சித்தாளுங்க கதி என்ன?

9/ உடம்பு சூட்டைக் கழிக்கிறது வியர்வை காய்றதால. காத்துல ஈரம் இருந்தா வியர்வை காயாது. 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம்: ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 24. 35 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம்: சுமார் 29. உடம்புக்கு ரெண்டாவதுதான் மோசம். இது சைக்கிள் கம்ப்யூட்டர்ல தெரியவே தெரியாது.

10/ 2024 அக்டோபர் 6, மெரினா விமான சாகசம். 5 பேர் இறந்தாங்க. அன்னிக்குச் சென்னை 40ஐத் தொடவே இல்ல. 2023 ஏப்ரல் 16, நவி மும்பை கார்கர் விருது விழா. 14 பேர். அங்க சுத்துவட்டாரத்துல பதிவானது 38 வாக்குல. வெயில், ஈரம், கூட்டம், பல மணி நேரம். ஆளைக் கொன்னது இதெல்லாம் சேர்ந்து.

11/ இதே தப்பு தலைகீழாவும் நடக்குது. மயங்கி விழுந்தவர் நெத்தியில துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டரைக் காட்டி "37தான், ஒண்ணுமில்ல"ன்னு உக்கார வச்சிடுறாங்க. அது அளந்தது வியர்வையில நனைஞ்ச தோலை. உள்ள 41 இருக்கலாம். ஹீட் ஸ்ட்ரோக் சந்தேகத்துல நாங்க ஆசனவாய் வழியா உள்வெப்பம் பார்க்குறது இதனாலதான்.

12/ அதனால நம்பரை விட்டுட்டு ஆளைப் பாருங்க. பேச்சு குழறுதா? சம்பந்தமில்லாம பேசுறாரா? தள்ளாடுறாரா? வலிப்பா? வெயில்ல வேலை பார்த்தவருக்கு இதுல ஒண்ணு இருந்தாலும் ஹீட் ஸ்ட்ரோக்னே எடுத்துக்கோங்க. "வியர்க்குதே, அப்போ இருக்காது"ன்னு நினைக்காதீங்க. உழைச்சு வர்ற ஹீட் ஸ்ட்ரோக்ல வியர்வை நல்லாவே இருக்கும்.

13/ 108க்குக் கூப்பிடுங்க. வண்டி வர்ற வரைக்கும் சும்மா நிக்காதீங்க. நிழலுக்குத் தூக்கி, சட்டையைக் கழட்டி, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறுங்க. கழுத்து, அக்குள், தொடையிடுக்குல ஐஸ். நினைவு தெளிவா இல்லாதவர் வாயில தண்ணி ஊத்தாதீங்க, புரை ஏறும். பாராசிட்டமால் இதுக்கு வேலை செய்யாது. ஒவ்வொரு நிமிஷமும் மூளை, ஈரல், கிட்னி கணக்குல போகுது.

14/ 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சுது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம். ஆனா வெயில்தான் காரணம்னு சான்று வேணும். உள்வெப்பத்தை அளந்து கேஸ் ஷீட்ல எழுதலன்னா, சித்தாள் சாவு "மாரடைப்பு"ன்னு முடிஞ்சிடும். சரியான அளவீடு இல்லாம நஷ்டப்படுறது அந்தக் குடும்பம்தான்.

15/ வானிலைத் துறையோட சண்டை போடணுமா? தாராளமா போடுங்க. நிழல் வெப்பநிலையோட நிறுத்தாம, வெயில், ஈரம், காத்து மூணையும் சேர்த்துக் கணக்கிடுற குறியீட்டை ஊர் வாரியா தினமும் சொல்லுன்னு கேளுங்க. கட்டட சைட்ல மதியம் 12லருந்து 3 வரைக்கும் வேலையை நிறுத்து, நிழலும் தண்ணியும் கொடுன்னு கேளுங்க. 47 ஸ்கிரீன்ஷாட்டைத் தூக்கிட்டுப் போனா, "உன் டப்பா தப்பு"ன்னு ஒரே வரியில உங்க நியாயமான கோரிக்கையையும் சேர்த்துத் தள்ளிடுவாங்க.

16/ சைக்கிள் ஓட்டுங்க, நல்லது. காலை 7.30க்குள்ள வீடு திரும்பிடுங்க. ரெண்டு பாட்டில் தண்ணி, ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். அந்த டப்பா வேகத்தையும் தூரத்தையும் நல்லாவே சொல்லும். வெயிலைப் பத்தி அதுகிட்ட கேக்காதீங்க. கூட ஓட்டுறவர் பேச்சு தெளிவா இருக்கான்னு பாருங்க.