முதலில் அரிசி நூடில்ஸ் தட்டுக்குப் போங்கள்

பிள்ளைக்கு சீலியாக் நோய் என்று மருத்துவர் சொன்ன கையோடு பெற்றோர் ஓடுவது, சுப்பர் மார்க்கற்றில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று எழுதி வைத்திருக்கும் தட்டுக்குத்தான். அங்கே 340 கிராம் பாஸ்தாப் பெட்டி ஒன்று சாதாரணப் பாஸ்தாவைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. பெட்டியைத் திருப்பி வாசித்தால் பெரும்பாலும் அரிசி மா, சோள மா. அதே அரிசி, கனடாவின் ஸ்காபரோவில் சீனக் கடைகளிலும் வியட்நாம் கடைகளிலும் நூடில்ஸாக 400 கிராம் பக்கற்றில், அந்த விலையில் பாதிகூட இல்லாமல் அடுக்கிக் கிடக்கிறது. மகளுக்கு நோய் தெரிந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பாஸ்தா அதுதான்.

சீலியாக் என்பது நாகரிக உணவுப் பழக்கம் அல்ல. கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரை அரிக்கத் தொடங்கும். மருந்து கிடையாது, ஆயுள் முழுக்க விலக்குவதுதான் வைத்தியம். நெதர்லாந்தில் 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் கிடைக்காதபோது இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள். வில்லெம் டிக்கெ என்ற குழந்தை மருத்துவர் கோதுமை மேல் ஏற்கெனவே கொண்டிருந்த சந்தேகம் அதனால் வலுத்தது. ஆக, ஆயுள் முழுக்க வாங்க வேண்டிய சாமானின் விலையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அரிசி நூடில்ஸ் செய்கிற முறை நமக்கு அந்நியமானதல்ல. ஊறவைத்து அரைத்த மாவை மெல்லிய தாளாக ஊற்றி, ஆவியில் அவித்து, நாடாவாக வெட்டிக் காயவைப்பார்கள். நூல் போன்ற வகையை இடியப்பம் போலப் பிழிந்தெடுப்பார்கள். அவிந்து ஆறும்போது அரிசியின் மாச்சத்தே இறுகிப் பிடித்துக்கொள்வதால் குளூட்டன் தேவைப்படுவதில்லை.

பாஸ்தாவைப் போலக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டால் அது களியாகிவிடும். தட்டை நூடில்ஸைச் சாதாரணத் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். விரலில் சுற்றினால் வளைய வேண்டும், கடித்தால் நடுவில் ஒரு முறுக்கு இருக்க வேண்டும். பிறகு கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, கொஞ்சம் எண்ணெய் பிரட்டி, தக்காளிக் குழம்பு வற்றி வரும் கடைசி நேரத்தில் சேருங்கள். 5 மில்லிமீற்றர் அகலம் இறைச்சிக் குழம்புக்கு நல்லது. பால், சீஸ் சேர்ந்த குழம்புக்கு 10 மில்லிமீற்றர். மக்ரோனி கேட்கிற பிள்ளைக்கு 'நுய்' இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்துப் பழக்கத்தில் வியட்நாமியர் அரிசியிலும் செய்கிற குட்டைப் பாஸ்தா அது. அதைக் கொதிக்க வைத்தே அவிக்கலாம், குலையாது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். அரிசி நூடில்ஸுக்குப் பக்கத்திலேயே முட்டை நூடில்ஸ் இருக்கும், அது கோதுமை. கொரிய அரிசிக் கட்டிகளிலும் சிலவற்றில் கோதுமை கலந்திருக்கிறது. 2012 முதல் கனடாவில் கோதுமையையும் மற்றக் குளூட்டன் தானியங்களையும் உள்ளடக்கத்தில் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். இறக்குமதிப் பக்கற்றின் முதுகில் ஒட்டியிருக்கும் ஆங்கில, பிரெஞ்சுத் துண்டை ஒவ்வொரு முறையும் வாசியுங்கள். நூடில்ஸைவிடப் பெரிய ஆபத்து சோயா சோஸ். வழக்கமான சோயா சோஸ் கோதுமை சேர்த்தே புளிக்க வைக்கப்படுகிறது. நம் சமையலறையிலும் ஒன்று ஒளிந்திருக்கிறது: டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா உண்டு. சாம்பாரில் என்ன இருக்கப்போகிறது என்று நம்பிப் பிள்ளைக்கு ஊற்றிவிடுவோம்.

அரிசி நூடில்ஸில் நார்ச்சத்தும் புரதமும் குறைவு என்பது உண்மை. பருப்போ மீனோ முட்டையோ சேராமல் நான் அதைத் தட்டில் வைப்பதில்லை. வாரம் முழுக்க அரிசியாக இல்லாமல் குரக்கனையும் இடையில் கொண்டுவருகிறேன்.

குளூட்டன் ஃப்ரீ பண்டங்களின் விலை வித்தியாசத்தை வருமான வரியில் கழிக்கலாம் என்று சொல்வார்கள். அதற்கு மருத்துவர் கடிதம் வேண்டும், ஒவ்வொரு ரசீதும் வேண்டும், சாதாரணப் பண்டத்தின் விலையைக் கழித்துக் கணக்குப் போட வேண்டும். அதன் பிறகும், குறைந்த வருமானக் குடும்பத்துக்கு நிகர வருமானத்தின் 3 விழுக்காட்டைத் தாண்டிய மருத்துவச் செலவுக்கே சலுகை. கட்ட வரியே இல்லாதவர் பலருக்கு அதுவும் இல்லை. யாருக்கு உதவி மிகவும் தேவையோ அவருக்கே அது போய்ச் சேர்வதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மகளுக்கு நோய் தெரிந்தபோது எங்களுக்குத் தந்த உணவுப் பட்டியலில் விலை கூடிய பெட்டிகளின் பெயர்கள் மட்டுமே இருந்தன. ஸ்காபரோவில் இந்தப் பட்டியலை வாங்கிப் போகிறவர்களில் தமிழர், சீனர், பிலிப்பினோக்கள் எத்தனை பேர்! உணவு ஆலோசகர்கள் அந்தத் தாளில் அரிசி நூடில்ஸ், அரிசி இடியப்ப மா, அரிசி நுய் மூன்றையும் மேலே எழுதட்டும். சோயா சோஸையும் பெருங்காயத்தையும் எச்சரிக்கையாகக் கீழே எழுதட்டும். தமிழிலும் ஒரு பிரதி அடிக்கட்டும். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.