குஷ்பு சொன்னதில் பாதி

2005ஆம் ஆண்டு நவம்பர். பி.எம்.ஆர். தேர்வு முடிந்து வீட்டில் இருந்தேன். கேமரன் மலையில் எங்கள் தோட்டத்து லயத்தில் சில வீடுகளில்தான் ஆஸ்ட்ரோ இருந்தது. எங்கள் வீடு அதில் ஒன்று. கொழுந்து நிறுத்து முடிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த மாதம் ஒரே பேச்சு: குஷ்பு. மேட்டூர் நீதிமன்றத்துக்கு வந்தவர் மீது முட்டையும் தக்காளியும் வீசினார்கள். முன்பு அவருக்குத் திருச்சியில் கோயில் கட்டியவர்களும் நம்மவர்கள்தாம்!

அப்படி என்னதான் சொல்லிவிட்டார்? ‘இந்தியா டுடே’ தமிழ்ப் பதிப்பில் வந்த அவர் கருத்தில் இரண்டு செய்திகள் இருந்தன. படித்த ஆண், தன் மனைவி கன்னியாக இருக்க வேண்டும் என எதிர்பார்க்க மாட்டான் என்பது ஒன்று. திருமணத்திற்கு முன் உறவு கொள்ளும் பெண், கருத்தரிப்பிலிருந்தும் நோயிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. ஊர் கொதித்தது முதலாவதுக்கு. நாங்கள் பார்த்த நிகழ்ச்சிகளுக்கும் அதுவே தீனி. இரண்டாவதை, 2010 ஏப்ரல் 28 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அவர் மீதான வழக்குகளை ரத்து செய்த பிறகுதான், பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அறிந்தேன்.

எங்கள் லயத்துக்குத் தேவைப்பட்டதோ அந்த இரண்டாவதுதான். முந்தைய ஆண்டு, மூன்று வீடு தள்ளியிருந்த அக்கா ஒருவர் பள்ளியை விட்டு நின்றார். காரணம் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. வயது பதினாறு. முஸ்லிம் அல்லாத பெண்ணுக்குத் திருமண வயது 18 என்றாலும், மந்திரி பெசார் அனுமதித்தால் 16 போதும் என்கிறது 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம். அவசரமாகத் தாலி ஏறியது. பையனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிசுகிசு நிகழ்ச்சிகளைத் திட்டித் தீர்க்கவே இக்கட்டுரையைத் தொடங்கினேன். ஆனால் ஒன்றை மறைக்க முடியவில்லை. அன்று பெட்டியைப் பார்த்தபடியே பாட்டி, “அவ கேட்டதுல என்ன தப்பு? நம்ம பிள்ளைய மட்டும்தானே கேட்டோம், அந்தப் பையன கேட்டோமா?” என்றார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் இதைப் பற்றிப் பேசி அன்றுதான் கேட்டேன். நடிகையின் பேரைச் சொல்லித்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேச முடிந்தது.

நம் சொற்போர் மேடைகளிலோ இன்னும் கண்ணகியா மாதவியா என்றுதான் வழக்காடுகிறோம். தோட்டப் பள்ளிகளுக்குத் தன்முனைப்பு முகாம் நடத்தப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள்: எஸ்.பி.எம். குறிப்புகளைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, தாதி ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவிடுங்கள். பையன்களை வெளியே அனுப்பிவிடாதீர்கள்.