ஐம்பதாயிரமும் ஒரு ரூபாயும்

இராமேசுவரம் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கும் அக்கினி தீர்த்தத்துக்கும் இடைப்பட்ட வீதியில், சங்கும் சிப்பி மாலையும் விற்கும் ஒரு கடை வாசலில், யாத்திரிகர் கூட்டம் சற்றே ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில், பிளஸ் டூ வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் ஒரு பெண், அங்கே விற்பனைக்கு நிற்கும் தன் அக்காளின் மாதச் சம்பளத்தைக் கணக்கிடப் பைத்தானில் ஒரு நிரல் எழுதிக்கொண்டிருந்ததைக் காணும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. நிலைச் சம்பளம் 6,000 ரூபாய். விற்பனை 50,000 ரூபாய் வரை நூற்றுக்கு இரண்டு கமிஷன். அதற்கு மேல் போனால் நூற்றுக்கு மூன்று. விதி இவ்வளவுதான். ஐந்து வரி எழுதியவள் ஆறாவது வரியில் பேனாவை நிறுத்தினாள்.

"அக்கா, மேலே போனா மூணுன்னா, மொத்தத்துக்கும் மூணா, மேலே போனதுக்கு மட்டும் மூணா?"

அக்காளுக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷமாக அந்தக் கடையில் நிற்கிறவள் அவள்.

80,000 ரூபாய்க்கு விற்ற மாதத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தத்துக்கும் மூன்று என்றால் கமிஷன் 2,400. மேலே போனதற்கு மட்டும் என்றால் 1,900. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 500 ரூபாய். விற்பனை ஒரு லட்சமானாலும், 50,000-க்கு மேல் ஒரே ஒரு ரூபாயானாலும், அந்த 500 மாறுவதில்லை என்பதுதான் இதில் விசேஷம். மாதந்தோறும் வரம்பைத் தாண்டி விற்கும் ஒரு பெண்ணுக்கு, வாயால் சொல்லி எழுத்தில் வராத ஒரு விதியின் மயக்கத்தால், வருஷத்தில் 6,000 ரூபாய், அதாவது சரியாக ஒரு மாத நிலைச் சம்பளம், கிடைக்கவும் கூடும், கிடைக்காமல் போகவும் கூடும்.

இந்த மயக்கம் நமக்குப் புதிதன்று. மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டில், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை ஏறிவிடுகிறது என்பதை அறியாத குடும்பத் தலைவி தமிழ்நாட்டில் இல்லை. மாதக் கடைசியில் மீட்டரைப் பார்த்துவிட்டு ஏ.சி.யை நிறுத்தச் சொல்லும் அவள், நிபந்தனைக் கூற்றை எந்த உபாத்தியாயரிடமும் பயிலாமலே பயின்றவள். வருமான வரியோ, தாண்டிய தொகைக்கு மட்டுமே மேல்விகிதத்தைப் போடுகிறது. இரண்டும் சட்டப்படி நடப்பவையே. ஆனால் அந்தக் கடையின் விதியைப் போலன்றி, இரண்டும் எழுதி வைக்கப்பட்டவை.

என் புகார் பாடத்திட்டத்தின்மேல் அல்ல. பிளஸ் டூவில் பைத்தான் வந்தது நல்ல காரியம். தமிழ்வழி மாணவர்கள் 'மடக்கு' (loop) என்றும் 'நிபந்தனை' என்றும் தம் வாய்க்கு வரும் சொற்களிலேயே அதைப் படிப்பதும் நல்ல காரியம். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி இன்னும் ஒரு படி மேலே போய், நிபந்தனையை முதலில் எழுதி 'ஆனால்' என்ற சொல்லை அதன் பின்னே வைக்கிறது. 'விற்றால்', 'தாண்டினால்' என்று வினையின் வாலிலேயே நிபந்தனையை முடிந்துவைக்கும் நம் பேச்சுக்கு இது எவ்வளவு இயல்பானது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. என் குறையெல்லாம், தேர்வில் கேட்கப்படும் கணக்கில் விதி முழுவதும் அச்சிட்டே வந்துவிடுகிறது என்பதுதான். மாணவன் அதைப் பெயர்த்து எழுதுகிறானே ஒழிய, விதியை விசாரிப்பதில்லை.

விசாரிப்பதற்கு இந்தக் கடற்கரையில் விஷயப் பஞ்சமா? ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமா. இல்லையென்றால், வாரத்தில் விசைப்படகுக்கு 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற ஏற்பாட்டின்படி இன்று யாருடைய முறை. முறையே ஆனாலும் பாம்பனில் புயல் கூண்டு ஏறியிருக்கிறதா. இத்தனை நிபந்தனைகளைக் கடந்து கடலுக்குப் போய்த் திரும்பிய படகில், டீசலையும் பனிக்கட்டியையும் கழித்துவிட்டுப் பங்கு பிரிப்பதா, பிரித்துவிட்டுக் கழிப்பதா என்ற கேள்வி, முன்பின் மாற்றி எழுதப்பட்ட இரண்டே வரிகளால் ஒரு குடும்பத்தின் அரிசியைக் கூட்டவோ குறைக்கவோ வல்லது. இந்த விதிகளைப் பிள்ளைகளே வீட்டிலிருந்து கேட்டுவந்து நிரலாக எழுதட்டும்; கேட்ட இடத்தில் விதி தெளிவாகச் சொல்லப்படவில்லை என்றால், அதையும் பதிலாக எழுதட்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

அன்று அந்தப் பெண்ணின் மடக்கிலும் ஒரு பிழை இருந்தது. அக்காளோடு சேர்த்துக் கடையில் நிற்கும் நால்வருடைய விற்பனையையும் ஒருவர்பின் ஒருவராகக் கூட்டியவள், அடுத்தவருக்குப் போகும்போது கூட்டுத்தொகையைப் பூஜ்யமாக்க மறந்துவிட்டாள். முதலாமவளின் விற்பனை இரண்டாமவள் தலையில் ஏறி, நான்காமவள் மாதத்தில் லட்சாதிபதியாகிவிட்டாள். நால்வரும் சிரித்தார்கள். அதை ஒரே வரியில் திருத்திவிட முடிந்தது.

ஆறாவது வரியைத் திருத்த முடியவில்லை. முதலாளியிடம் போய்க் கேட்டுவந்த அக்காள், "கணக்குப்பிள்ளை வந்ததும் பார்த்துச் சொல்றாராம்" என்றாள். தங்கை சற்று யோசித்து, மொத்தத்துக்கும் ஒன்று, மேலே போனதற்கு ஒன்று என்று இரண்டு விதமாகவும் எழுதி, அக்காளின் சென்ற மாத விற்பனையைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.